அலாவுதீனும் அற்புதக் கேட்ரிஜும்



சிவப்பு மையால் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியே வந்து ஈராண்டுகளே ஆகியிருந்த காலம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு’ எனும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். வழக்கம்போல அஞ்சல்தலை சேகரித்தல், நூல் வாசித்தல், பூப்பந்து என்று எழுதி வந்தார்கள். (அஞ்சல்தலையை வாழ்நாளில் தொட்டுப் பார்த்திராத பிள்ளைகளும் அதையேதான் எழுதுவார்கள். ஆசிரியர்கள் அறிவோம்!) ஒரு மாணவன் மட்டும் ‘அலாடின்’ எனும் கணினி விளையாட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அதில் வரும் காவலாளி ஒருவன் தணலின்மேல் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதிப்பதையும், இன்னொருவனின் கால்சட்டை நழுவி விழுவதையும் விரிவாக எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் ‘பயனற்ற பொழுதுபோக்கு. நல்லதொன்றைத் தேர்ந்தெடுத்து மீண்டும் எழுதுக’ என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அவனும் அஞ்சல்தலைகளைப் பற்றி எழுதிக்கொண்டு வந்துவிட்டான்.

இதில் இன்னும் வேடிக்கை என்னவென்றால், அந்த விளையாட்டு எனக்குத் தெரியாததன்று. இடைநிலைப்பள்ளியில் படித்த நாள்களில் என் அண்ணன் அதைக் கணினியில் விளையாடுவார். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணன் ஓர் ‘உயிரை’ இழந்தால் அடுத்த முறை எனக்கு என்பது எங்களுக்குள் இருந்த உடன்படிக்கை. அண்ணன் எளிதில் உயிரை விடமாட்டார்! ஆதலால் நான் விளையாடியதைவிடப் பார்த்ததே மிகுதி. அப்படிப் பார்த்து மகிழ்ந்த நானே, ஆசிரியை ஆனதும் அதைப் பயனற்றது என்று எழுதினேன். திரைப்படம் ஒன்றின் பெயரை ஒட்டி விற்கப்படும் எதுவும் வெறும் வாணிகச் சரக்கு என்பது அன்று என் முடிந்த முடிவு.

கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். அகவை பத்து. தன் நின்டெண்டோ கருவியில் அவன் எதையோ விளையாடிக்கொண்டிருக்க, பழக்கமான இசை காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தால் அதே அங்காடித் தெரு, அதே காவலாளி, அதே தணல்! 

“அத்தை, இது அப்பா விளையாடின கேமாம். நீங்களும் வாங்க” என்றான். 

அன்று மாலை முழுவதும் விளையாடினோம். அதன்பின் இவ்விளையாட்டு உருவான வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தச் சிவப்புக் குறிப்பு எவ்வளவு அறியாமையில் எழுதப்பட்டது என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

கெட்ட பெயர் எப்படி வந்தது?

திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், சிற்றுண்டி நிறுவனம் முதலியவற்றின் பெயரையும் உருவங்களையும் பணம் கொடுத்து, உரிமம் பெற்று உருவாக்கும் விளையாட்டுகள் உண்டு. இவற்றைப் பற்றி எனக்கிருந்த எண்ணம் என்னுடையது மட்டுமன்று. விளையாட்டுத் துறையினரிடமே அது வேரூன்றிய எண்ணம். அதற்குக் காரணமும் இருந்தது.

1982ஆம் ஆண்டு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘ஈ.டி.’ திரைப்படம் உலகெங்கும் வெற்றி பெற்றது. அமெரிக்காவின் அடாரி நிறுவனம் அதன் உரிமத்தை வாங்கி, அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஒரு விளையாட்டை வெளியிட முடிவு செய்தது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா எனும் நிரலாளருக்கு அதற்குக் கிடைத்த காலம் ஐந்தே வாரம். அவர் திறமையற்றவர் அல்லர். ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ எனும் சிறந்த விளையாட்டை உருவாக்கியவர். ஆனால் ஐந்து வாரத்தில் ஒருவர் என்னதான் செய்வார்? விளையாடுபவர் ஓயாமல் குழிக்குள் விழுந்து விழுந்து எழும் ஒரு விளையாட்டே வந்தது. விற்காமல் தேங்கிய கேட்ரிஜ்களை வேறு சரக்குகளோடு சேர்த்து 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ எனும் ஊரில் குப்பை நிலத்தில் புதைத்தார்கள். வெறும் கட்டுக்கதை என்று பலர் கருதிய இச்செய்தியை, 2014 ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டி எடுத்து மெய்ப்பித்தும் விட்டார்கள்.

பெயருக்குப் பணம் கொடுத்தாயிற்று. பெயரே விற்றுக் கொடுக்கும். உள்ளே இருப்பது எப்படி இருந்தால் என்ன? இந்தக் கணக்குதான் அத்தகைய விளையாட்டுகளுக்குக் கெட்ட பெயரைத் தேடித் தந்தது. ஆனால் விதிவிலக்குகளும் இருந்தன. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1989இல் டிஸ்னியின் ‘டக் டேல்ஸ்’ தொடரை வைத்து உருவாக்கிய விளையாட்டை இன்றும் போற்றுகிறார்கள். ‘அலாடின்’ அதற்கு அடுத்த பெரிய விதிவிலக்கு.

கடன் வாங்கிய கதையின் கதை

‘அலாடின்’ என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சட்டென விளங்காது. அலாவுதீன் என்றால்தான் விளங்கும். 1957இலேயே ‘அலாவுதீனும் அற்புத விளக்கும்’ தமிழில் திரைப்படமாக வந்துவிட்டது. ஆயிரத்தோர் இரவுகளின் கதை என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அக்கதைத் தொகுதியின் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் அலாவுதீன் இல்லை. 1709ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஹன்னா தியாப் எனும் அலெப்போ நகரத்து இளைஞர் சொல்லக் கேட்டு, அந்துவான் கலான் எனும் பிரெஞ்சு அறிஞர் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்துக்கொண்ட கதை இது. கலானின் நூலில் தியாபின் பெயர் இல்லை. சொன்னவருடைய பெயர் மறைய, வெளியிட்டவரின் பெயர் நின்றது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1992 நவம்பரில் டிஸ்னி வெளியிட்ட திரைப்படமே கைமாறிக் கைமாறி வந்த ஒரு கதைதான். அதிலிருந்து விளையாட்டு பிறந்தது. ‘கடன் வாங்கியது’ என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடுவதானால், முதலில் தள்ள வேண்டியது எதை?

சரி, விளையாட்டுக்கு வருவோம்.

சேகா நிறுவனத்தின் 16 பிட் இயந்திரம் நம் நாட்டில் மெகா டிரைவ் எனப்பட்டது. வட அமெரிக்காவில் அதற்கு ஜெனிசிஸ் என்று பெயர். அதற்கான ‘அலாடின்’ விளையாட்டில் மூன்று தரப்பினர் கைகோத்தனர். வெளியிட்டது சேகா. நிரல் எழுதி உருவாக்கியது கலிபோர்னியாவின் அர்வைன் நகரிலிருந்த வர்ஜின் கேம்ஸ் நிறுவனம். உருவங்களுக்கு அசைவு வரைந்து கொடுத்தவர்கள் டிஸ்னியின் சொந்த ஓவியர்கள்.

நான் அடிக்கோடிட விரும்புவது இந்த மூன்றாவது செய்தியைத்தான். அதுவரை உரிமம் கொடுப்பவர் பெயரைக் கொடுப்பார்; மேலும் போனால் மாதிரிப் படங்கள் சிலவற்றைக் கொடுப்பார். விளையாட்டு நிறுவனத்துக் கலைஞர்கள் கணினித் திரையில் புள்ளி புள்ளியாக வைத்து அதைப்போல ஒன்றைச் செய்துகொள்வார்கள். இங்கோ டிஸ்னி ஓவியர்கள் திரைப்படத்துக்கு வரைவதைப் போலவே தாளில் பென்சிலால் வரைந்தார்கள். அத்தாள்கள் வர்ஜின் நிறுவனத்துக்குச் சென்றன. அங்கே வருடியில் வைத்துக் கணினிக்குள் ஏற்றி, கோடுகளைத் துப்புரவாக்கி, வண்ணமிட்டு, இயந்திரத்துக்கு ஏற்ற அளவில் சுருக்கினார்கள். இம்முறைக்கு ‘டிஜிசெல்’ என்று பெயர்.

நிரலாளர் குழுவின் தலைவர் டேவிட் பெர்ரி, வட அயர்லாந்துக்காரர். பள்ளிப் பருவத்திலேயே வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டு நிரல் எழுதி இதழ்களில் வெளியிட்டவர். ‘அலாடி’னுக்கு முன் அவர் செய்தவற்றைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1992இல் ‘குளோபல் கிளேடியேட்டர்ஸ்’. அது மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் உரிமம். 1993இல் ‘கூல் ஸ்பாட்’. அது செவன் அப் குளிர்பானத்தின் சின்னமான சிவப்புப் பொட்டை நாயகனாக்கிய விளையாட்டு! குளிர்பானப் புட்டியில் இருக்கும் ஒரு பொட்டுக்குக் கைகால் முளைத்து ஓடுவதைத்தான் அவர்கள் அத்தனை அக்கறையோடு செய்தார்கள். உருவங்களை மென்மையாக அசையச் செய்யும் நிரல் உத்திகள் இந்த விளம்பர வேலைகளில்தான் ஒவ்வொரு படியாகத் தேறி வந்தன. எவரும் மதிக்காத வேலையில் பழகிய கைதான் ‘அலாடி’னைச் செய்தது.

கால நெருக்கடி இங்கேயும் இருந்தது. அமெரிக்காவில் திரைப்படத்தின் வீடியோ நாடா 1993ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியாகவிருந்தது. விளையாட்டும் அதை ஒட்டியே கடைக்கு வந்தாக வேண்டும். ஓர் ஆண்டுக்கும் குறைவான காலத்தில் செய்து முடித்து, 1993 நவம்பரில் வெளியிட்டார்கள். ஐந்து வாரத்தைவிட மேல்தான். ஆனாலும், போதிய காலம் கிடைத்ததால் சிறந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பெயருக்குச் சொந்தக்காரர்கள் தங்கள் பெயரோடு தங்கள் கையையும் கொடுத்தார்கள். என் கணிப்பில் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இரண்டு மெகாபைட்டுக்குள் ஒரு திரைப்படம்

கணித ஆசிரியர்கள் இப்பகுதியை வகுப்பறைக்குக் கொண்டுபோகலாம்.

அந்தக் கேட்ரிஜின் கொள்ளளவு 16 மெகாபிட். அக்கால விளம்பரங்கள் மெகாபிட்டில்தான் பேசும்; எண் பெரிதாகத் தெரியுமல்லவா! எட்டால் வகுத்தால் 2 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. அந்த 2 மெகாபைட்டுக்குள்தான் பத்துக் கட்டங்களின் காட்சிகள், இசை, நிரல், அத்தனை உருவங்கள் எல்லாம் அடங்க வேண்டும்.

ஓர் உருவம் 64 புள்ளி அகலம், 64 புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4096 புள்ளிகள். மெகா டிரைவில் ஓர் உருவத்தை வரையும் வண்ணத்தட்டில் 16 இடங்கள். ஆகவே ஒரு புள்ளிக்கு அரை பைட் போதும். அதாவது ஒரு படத்துக்கு 2 கிலோபைட். வேறு எதுவும் வைக்காமல், சுருக்கும் உத்தி எதுவும் கையாளாமல், இப்படங்களை மட்டுமே அடுக்கினாலும் கேட்ரிஜில் 1024 படங்கள்தாம் பிடிக்கும். திரைப்பட அசைவோவியத்தில் பொதுவாக நொடிக்கு 12 ஓவியங்களாவது வேண்டும். 1024ஐ 12ஆல் வகுத்துப் பாருங்கள். 85 நொடி! ஒன்றரை மணி நேரத் திரைப்படத்தின் பெயரைத் தாங்கி வந்த கேட்ரிஜில் ஒன்றரை நிமிட அசைவுக்குக்கூட இடமில்லை.

இவ்வளவு குறுகிய இடத்தில் எந்த அசைவுக்கு ஓவியம் செலவிடுவது, எதைக் கைவிடுவது என்பதுதான் உண்மையான கலை. இடப்பக்கம் பார்க்கும் உருவத்தைத் தனியாக வரையத் தேவையில்லை. வலப்பக்கப் படத்தையே அந்த இயந்திரம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிக் காட்டும். ஆனால் அதே இயந்திரம் இன்னொரு தொல்லையும் கொடுக்கும். அசையும் உருவத் துண்டு ஒன்று 32க்கு 32 புள்ளிக்குமேல் இருக்கக்கூடாது. திரையில் மொத்தம் 80 துண்டுகள். ஒரே கிடைக்கோட்டில் 20 துண்டுகள். அதற்குமேல் போனால் காட்டாமல் விட்டுவிடும். ஆகவே டிஸ்னி ஓவியர் வளைத்து நெளித்து வரைந்த ஓர் உருவத்தைக் கத்திரித்து, வெற்றிடம் வீணாகாதபடி பல துண்டுகளாக்கி, திரையில் மீண்டும் ஒட்டுத் தெரியாமல் சேர்க்க வேண்டும். விளையாடும் பிள்ளைக்கு இவற்றில் எதுவுமே தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் அவர்களின் வெற்றி இருந்தது.

இப்பொழுது என் மாணவன் எழுதிய அந்தத் தணல் காட்சியை எண்ணிப் பாருங்கள். அங்காடித் தெருவில் எரியும் தணற்பரப்பு ஒன்று. நம்மைத் துரத்தும் காவலாளி அதன்மேல் கால் வைத்ததும் துள்ளுகிறான். விளையாட்டின் விதிப்படி அதற்கு ஒரு தேவையும் இல்லை. அவன் நின்றுகொண்டே இருந்திருந்தாலும் விளையாட்டு நடந்திருக்கும். கால்சட்டை நழுவுவதும் அப்படியே. ஒட்டகத்தின் முதுகில் குதித்தால் அது வாயிலிருந்து துப்புவதும் அந்த வகையே. அத்துப்பல் எதிரியைத் தாக்கவும் செய்கிறது. நொடிக்கணக்கில் ஓவியம் எண்ணிச் செலவிட வேண்டிய இடத்தில், சிரிப்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பங்கைத்தான் பதினொரு அகவைப் பையன் கண்டுபிடித்துக் கட்டுரையாக எழுதினான்.

அழகு மட்டும்தானா என்றால், இல்லை. டிஸ்னியின் மூத்த ஓவியர்களான பிராங்க் தாமஸ், ஒல்லி ஜான்ஸ்டன் இருவரும் 1981இல் வெளியிட்ட நூலில் அசைவோவியத்தின் பன்னிரண்டு நெறிகளை விளக்கியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, ஒரு செயலுக்கு முன் அதற்கான ஆயத்தத்தைக் காட்டுவது. பந்தை எறிபவன் முதலில் கையைப் பின்னுக்கு இழுப்பான். தாவுபவன் முதலில் முழங்காலை மடக்குவான். இந்நெறி விளையாட்டுக்குள் நுழையும்பொழுது நியாயமாக மாறுகிறது! காவலாளி வாளை ஓங்குவதைக் கண்டு, அடி வருமுன் நாம் விலகிக்கொள்ள முடிகிறது. எச்சரிக்கை மணியோ எழுத்தோ தேவையில்லை, உடலே சொல்லிவிடுகிறது.

ஆனால் நாயகனுக்கு இந்நெறி ஒவ்வாது. பொத்தானை அழுத்தியபின் அலாவுதீன் முழங்காலை மடக்கி, கையை வீசி, பிறகு தாவினால் நாம் அதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்போம். ஓவியருக்கு ஆயத்தம் வேண்டும். விளையாடுபவருக்கு உடனடி வேண்டும். இந்த இழுபறியில் நாயகன் பொத்தானுக்கு உடனே பணிகிறான். எதிரிகளோ நின்று நிதானமாக நடிக்கிறார்கள். விளையாடும்பொழுது இதை உணரலாம். அருகில் உட்கார்ந்து பார்க்கும்பொழுது, நடிப்பு மட்டும் கண்ணில் நிற்கும். பல ஆண்டுகள் அண்ணனுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தவள் என்பதால் இதை உறுதியாகவே சொல்வேன்.

விளக்கின் உள்ளே நடக்கும் கட்டத்தையும் குறிப்பிட வேண்டும். விளக்கின் உட்புறத்தைத் திரைப்படம் நமக்குச் சுற்றிக் காட்டவில்லை. விளையாட்டோ அதைப் பூதத்தின் நீலக் கைகளே படிக்கட்டுகளாக நீளும் ஓர் உலகமாகக் கற்பனை செய்திருக்கிறது. மூலத்தில் எழுதாத பக்கத்தை எழுதிச் சேர்க்கும் துணிவு, படியெடுப்பவர்க்கு வராது.

இன்னோர் அலாவுதீன்

அதே 1993 நவம்பரில் அதே திரைப்படத்தின் பெயரில் இன்னொரு விளையாட்டும் வந்தது. சூப்பர் நின்டெண்டோ இயந்திரத்துக்காக ஜப்பானில் கேப்காம் செய்தது. வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி. 1996இல் ‘ரெசிடென்ட் ஈவில்’ எனும் அச்சமூட்டும் விளையாட்டால் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய அலாவுதீனிடம் வாள் இல்லை. எதிரியின் தலையில் குதித்து எம்பிப் போகிறான். கம்பங்களைப் பற்றி ஊசலாடுகிறான். உயரத்திலிருந்து துணியை விரித்து மிதந்து இறங்குகிறான். ஆப்பிள் எறியலாம், அதுவும் எதிரியைச் சற்று நேரம் திகைக்க வைக்கத்தான்.

ஒரே கதை, ஒரே பெயர், ஒரே மாதம். இரு வேறு விடைகள். ஒரே தலைப்பில் இரண்டு நல்ல மாணவர்கள் எழுதிய கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருத்துவது போன்ற இன்பம் இது. தாவலும் தொங்கலும் துல்லியமாக இருப்பது கேப்காமில்தான். கால் எங்கே படும், கை எதைப் பற்றும் என்பதில் ஐயமே எழாது. சேகாவுடையதில் அந்தத் துல்லியம் குறைவு. ஆனால் உயிர் மிகுதி. மிகாமி பின்னாளில் ஒரு நேர்காணலில், தாம் இதைச் செய்தவராக இல்லாதிருந்தால் சேகாவுடையதைத்தான் வாங்கியிருப்பேன் எனும் பொருள்படப் பேசியிருக்கிறார். பெருந்தன்மை! நானாக இருந்தால் சிறு பிள்ளைக்குக் கேப்காமுடையதை முதலில் கொடுப்பேன். வாள் இல்லை என்பதற்காக அன்று, தோற்றால் ஏன் தோற்றோம் என்பது பிள்ளைக்கு விளங்கும் என்பதற்காக.

சேகா விளையாட்டின் குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. வாள் எதிரியின்மேல் பட்டதா இல்லையா என்பது சில வேளைகளில் புரிவதே இல்லை. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமலே குதிக்க வேண்டிய இடங்கள் உள்ளன. பறக்கும் கம்பளத்தில் எரிமலைக் குழம்பிலிருந்து தப்பும் கட்டத்தில், மேலே போ, கீழே போ என்று ஒரு கை திசை காட்டும். பார்த்து நடப்பதற்குள் பாறை வந்து மோதிவிடும். திடீரென்று கைக்குப் பதிலாகக் கேள்விக்குறி வேறு! மனப்பாடம் செய்தால்தான் கடக்க முடியும். தேர்வுக்கு மனப்பாடம் செய்வித்தே பழகிய நான் இதைக் குறை சொல்வது எவ்வளவு பொருத்தம் என்பது வேறு கேள்வி.

இன்னொன்று குறையினும் பெரியது. அரபு மக்களை வாளேந்திய முரடர்களாகவும் கோமாளிகளாகவும் காட்டியதற்காகத் திரைப்படத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்தது. தொடக்கப் பாடலின் ஒரு வரியை டிஸ்னி 1993இல் வீடியோ வெளியீட்டுக்காக மாற்றவும் செய்தது. விளையாட்டின் காவலாளிகளும் அதே அச்சில் வார்க்கப்பட்டவர்கள்தாம். சிரிப்பு யாருடைய செலவில் வருகிறது என்பதைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர்தான் எடுத்துச் சொல்ல முடியும். அண்ணன் மகனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்து, “அப்ப அலாடினும் அந்த ஊர்க்காரன்தானே அத்தை?” என்று கேட்டான். என்னிடம் உடனே விடை இல்லை.

வெளிவந்த பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெகா டிரைவில் மிகுதியாக விற்ற விளையாட்டுகளுள் ஒன்றாயிற்று. 1994இல் கணினிக்கும் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான். பெர்ரியும் அவருடன் பணியாற்றிய சிலரும் வர்ஜினை விட்டு விலகி, ஷைனி எனும் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, 1994இல் ‘எர்த்வோர்ம் ஜிம்’ எனும் விளையாட்டை வெளியிட்டார்கள். விண்வெளி உடை அணிந்த ஒரு மண்புழு அதன் நாயகன். யாருடைய உரிமமும் இல்லை. எல்லாம் அவர்கள் கற்பனை. கடன் வாங்கிய பெயர்களில் கற்ற வித்தையைச் சொந்தப் பெயரில் செலவிட்டார்கள்.

2017இல் அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை, ‘அலாடின்’ விளையாட்டின் மூல நிரலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டது. உருவாக்கியபொழுது வரைந்து, பின்னர்ப் பயன்படுத்தாமல் விட்ட பகுதிகள் அதில் வெளிச்சத்துக்கு வந்தன. ஒரு புலவரின் ஓலைச்சுவடியில் அடித்தல் திருத்தலைப் படிப்பது போலத்தான் இது. விளையாட்டையும் மூல ஆவணத்திலிருந்து ஆராயலாம் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு எவரும் சொன்னதில்லை. அப்படி எவராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

2019 அக்டோபரில் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் ‘அலாடி’னையும் 1994ஆம் ஆண்டின் ‘லயன் கிங்’ விளையாட்டையும் சேர்த்து இக்காலக் கருவிகளுக்காகத் தொகுத்தது. 1993இல் வணிகக் கண்காட்சிக்கென்று செய்த முன்னோட்டப் படியும், உருவாக்கக் குறிப்புகளும் அதில் உள்ளன. கேப்காமின் ‘அலாடின்’ முதலில் இடம்பெறவில்லை. 2021இல் வந்த விரிவாக்கத்தில் சேர்ந்தது. அண்ணன் மகனிடம் இருப்பது அதுதான். தவறு செய்தால் பின்னோக்கி ஓட்டி மீண்டும் முயலும் வசதி அதில் உண்டு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபொழுது அது இருந்திருந்தால் எனக்கு விளையாட வாய்ப்பே வந்திருக்காது!

விடுமுறையின் கடைசி நாளன்று அவனிடம் ஒரு வேலை கொடுத்தேன். தணலில் குதிக்கும் காவலாளியின் காட்சியை நிறுத்தி நிறுத்தி, எத்தனை வேறு வேறு படங்கள் வருகின்றன என்று எண்ணச் சொன்னேன். மூன்று முறை எண்ணி மூன்று விடை சொன்னான். பிறகு நான் எண்ணினேன். எனக்கு நான்காவது விடை வந்தது. அண்ணன் வந்து, “இந்த வயசுல உனக்கு இது தேவையா?” என்றார். அவரும் உட்கார்ந்து எண்ணினார்.

அந்த மாணவனுக்கு இப்பொழுது முப்பதைத் தாண்டியிருக்கும். மீண்டும் எழுதச் சொன்னதும் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டானா, வைத்திருந்தானா என்பது தெரியாது. காவலாளியின் குதிப்பை அவன் என்ன சொல்லால் எழுதியிருந்தான் என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். ‘தையத்தக்கா தையத்தக்கா என்று குதிப்பான்’ என்று எழுதியிருந்ததாக ஞாபகம். அந்தச் சொல்லுக்குக் கீழேயும் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.